புதுக்கோட்டைச் சீமைப் பண்ணைக் குளங்களில் களவு மீன்பிடிப்பும் காவல் இருமலும்: ஓர் ஆய்வு

1. ஆய்வு நோக்கம்

தமிழ்நாட்டில் நடக்கும் ஆய்வரங்கு எதிலும் காலைத் தேநீருக்கு முன்பே இருபது பேர் கட்டுரை படித்து முடித்துவிடுகிறார்கள். திருக்குறளில் மேலாண்மை, கம்பனில் சுற்றுச்சூழல், சிலம்பில் சந்தைப்படுத்தல். ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒரு சான்றிதழ், ஒரு பை. பைக்குள் ஒரு பேனா இருக்கும், எழுதாது. இவ்வளவு நடந்தும், புதுக்கோட்டைப் பக்கத்துப் பண்ணைக் குளங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயல்கள் திருட்டுத் தூண்டில் போட்டது பற்றி ஒரு கட்டுரைகூட வரவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே நம் நோக்கம். ஆய்வாளர்கள் போகிற இடமெல்லாம் இடைவெளி தேடுவார்கள். பண்ணை வேலியில் நாங்கள் தேடியதும் அதைத்தான்.

ஆய்வுக் களம், அன்னவாசலுக்கும் இலுப்பூருக்கும் நடுவில் ஒரு கிராமம். பெயரைச் சொன்னால் சித்தப்பா கோபித்துக்கொள்வார். ஆய்வு முறை களப்பணி. களத்தில் தண்ணீர் இருந்தபோது நீச்சல். தரவு, நினைவு. நினைவை நம்பக் கூடாது என்று சொல்லும் கோட்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கெளுத்தி முள் குத்தியதில்லை.

2. நீர்நிலையும் உடைமையும்

புதுக்கோட்டையில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறு என்று ஒன்று உண்டு. மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். ஐப்பசி கார்த்திகையில் விழுகிற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் பிழைப்பு. ஆகவே சீமை முழுக்க ஆயிரக்கணக்கில் கண்மாயும் குளமும். மேலே உள்ளது நிறைந்து கலிங்கில் வழிந்தால் கீழே உள்ளதற்குத் தண்ணீர்.

இவற்றை ஆய்வு நோக்கில் வகைப்படுத்தலாம். கண்மாய்: பாசனத்துக்கு, மீன் உண்டு, கூட்டம் அதிகம். ஏந்தல்: கண்மாயின் தம்பி. ஊருணி: குடிதண்ணீருக்கு, மீன் பிடித்தால் அப்பத்தா அடிக்கும். குட்டை: எருமைக்கு. பண்ணைக் குளம்: இக்கட்டுரை முழுவதும்.

உடைமை விஷயம் சிக்கலானது. தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் மேலரண்மனை ஜாகீர், சின்ன அரண்மனை ஜாகீர் என்று அரச குடும்பத்துக் கிளைகளுக்குத் தனித்தனியே நிலம் இருந்தது. இவை போக இனாம் நிலம் ஏராளம். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு சேர்ந்து, திருச்சி மாவட்டத்துக்குள் அடங்கியது. 1974 ஜனவரி 14, பொங்கலன்று, தனி மாவட்டமானது. கடைசி மன்னர் இராஜகோபாலத் தொண்டைமானின் அரண்மனையில் இன்று ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. திங்கட்கிழமைகளில் சனங்கள் மனுவோடு அங்கே வரிசையில் நிற்கிறார்கள். இரையை மாட்டி எறிந்துவிட்டுத் தக்கையைப் பார்த்தபடி நாள் முழுக்கக் காத்திருக்கும் கலை அரண்மனை வளாகத்தில் இன்னும் அழிந்துவிடவில்லை.

நம் குளம் மன்னருடையதும் அல்ல, ஜாகீர்தாருடையதும் அல்ல. ஊரில் 'பெரிய வீடு' என்று சொல்லும் ஒரு குடும்பத்தின் பண்ணைக்குள் கிடந்தது. நான்கு பக்கமும் கரை, கரைமேல் பனை, பனைக்கு வெளியே கருவமுள் வேலி, வேலியில் முன்பு சொன்ன ஆய்வு இடைவெளி. குடும்பம் சென்னையில் இருந்தது. பொங்கலுக்கும், குலசாமிக்குப் படையல் போடும்போதும் காரில் வரும். அவர்கள் வீட்டில் குளத்து மீனுக்குச் சேற்று வாடை என்று தொடமாட்டார்களாம் (பெரியப்பா, 'திண்ணை உரைகள்', வெற்றிலைக்கு முன்). கடல் மீனாக இருந்தால் தொடுவார்களாம் (மேற்படி பெரியப்பா, வெற்றிலைக்குப் பின்). எப்படியானாலும், தின்னாதவன் குளத்து மீனுக்குத் தின்கிறவன் என்ன உறவு என்ற கேள்வி அரசியல் தத்துவத்தில் இன்னும் தீரவில்லை.

குளத்து மீனுக்குப் பணம் வாங்குவது ஒன்றும் புதிதல்ல. பழைய கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வருமானம் வருகிறது. குளத்தில் மீன் பிடிக்கக் கொடுத்த குத்தகைப் பணம். இன்றைய ஏல அறிவிப்பிலும் 'மீன்பாசி குத்தகை' என்றுதான் அச்சடிக்கிறார்கள். ஜூலை முதல் தேதி தொடங்கும் பசலி ஆண்டு, முன்வைப்புத் தொகை, நிபந்தனைகள் எல்லாம் உண்டு. பாண்டியரும் போனார்கள், சோழரும் போனார்கள், தொண்டைமான்களும் ஓய்ந்தார்கள்; பாசி மட்டும் கோப்பில் இருக்கிறது.

3. முன்னோர் ஆய்வும் அதன் போதாமையும்

முதலில் சித்தன்னவாசல். அறிவர் கோயில் என்ற சமணக் குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். தாமரை, அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மூன்று பேர், தண்ணீருக்குள் மீன்கள். வரையச் செய்தவன் மகேந்திரவர்ம பல்லவன் என்று முதலில் சொன்னார்கள். பிறகு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் கோயிலைப் புதுப்பித்ததாகச் சொல்லும் கல்வெட்டைக் காட்டி, ஓவியம் பாண்டியர் காலத்தது என்றார்கள். குளம் வெறும் குளமல்ல, சமணர் சொல்லும் சமவசரணத்தின் ஒரு பகுதி என்றும் விளக்கம் வந்தது. தூணில் நிற்கும் ஆணும் பெண்ணும் யார் என்று ஒரு தனி வழக்கு. எல்லாம் சரி, அந்த மீன் கெண்டையா கெளுத்தியா? இதைப் பற்றி யாரும் ராத்தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

கொல்லாமையை விரதமாகக் கொண்டவர்களின் கோயிலில், கையெட்டாத உயரத்தில், ஒரு குளம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருவரும் அதில் தூண்டில் போட்டதில்லை. தனியார் குளத்துக்கு இதைவிடப் பத்திரமான ஏற்பாடு இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் அங்கே கூட்டிப்போனபோது என் கூட்டாளி அண்ணாந்து பார்த்துவிட்டு, "தண்ணி கலங்கலாக் கெடக்குடா, இன்னைக்கு எடுக்காது" என்றான். ஓவியம் அவ்வளவு மங்கிப்போயிருக்கிறது. சித்தன்னவாசல் பற்றி நான் கேட்ட மதிப்புரைகளில் அடிக்குறிப்பு தேவைப்படாதது அது ஒன்றுதான்.

அடுத்து ஐரோப்பியர். தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார் மீன்களைப் பக்குவப்படுத்திப் பெர்லினில் இருந்த பிளாக் என்பவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் விராலுக்கு 1793-இல் லத்தீன் பெயர் வைத்தவர் அந்த பிளாக்தான். அதே தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் ஒரு பனைமரத்தில், தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில், மீன் ஒன்று ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்து ஏட்டில் அது வெளியானது. அன்று பிடித்த சண்டை நூறு ஆண்டுக்கு மேல் நடந்தது. ஏறியது என்று ஒரு கட்சி; காக்கையோ பருந்தோ கவ்விவந்து மரத்தில் போட்டிருக்கும் என்று இன்னொரு கட்சி. அந்த மீனுக்கு நம்மூரில் பனையேறிக் கெண்டை என்று பெயர். மழையில் அது கரைமேல் ஊர்ந்து போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பனையில் ஏறுகிறவர்களைக் கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும் வழக்கு. ஆனால் பனையில் ஏறுகிறவர் லின்னேயன் சங்கத்தில் உறுப்பினர் இல்லை.

கல்வெட்டாளர்களையும் சொல்ல வேண்டும். 1929-இலேயே சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை நூலாக வெளியிட்டுவிட்டது. இங்குள்ள பழைய கண்மாய்களில் கரைக்கு உட்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்கும்; இடையில் குறுக்குக் கல். அதுதான் குமிழித் தூம்பு. அடியில் தொட்டி, தொட்டியில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. முன்னது பாசனத் தண்ணீருக்கு, பின்னது சேற்றை வெளியேற்ற. தூணில் எழுத்து இருந்தால் ஆய்வாளர் வந்து சுண்ணாம்பு பூசிப் படிப்பார். எந்தப் புண்ணியவான் எந்த ஆண்டு நாட்டினான் என்று மறுநாள் செய்தி வரும். தூணின் அடியில் பள்ளம், பள்ளத்தில் விரால் என்பது செய்தியில் வராது.

கே. ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த 'புதுக்கோட்டை சமஸ்தான மேனுவல்' 1938 முதல் பகுதி பகுதியாக வந்தது. கோயில், மலை, கண்மாய், கல்வெட்டு எதையும் அவர் விடவில்லை. இருமலை விட்டுவிட்டார். அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் கருவிகளைக் கடந்துவிடுவோம்.

4. கருவிகள்

கம்பு எதுவானாலும் சரி. நரம்புக்குத் தங்கூசு. முள் பெட்டிக்கடையில். இரை மண்புழு, வாய்க்கால் ஓரம் சாணிக்குப்பையைக் கிளறினால் வரும். விராலுக்கு மட்டும் தவளைக்குஞ்சு.

தக்கைக்கு மயிலிறகின் வெள்ளைத் தண்டு. விராலிமலை முருகன் கோயிலைச் சுற்றி மயில் மேய்கிற சீமை இது, இறகுக்குப் பஞ்சமில்லை. கண் இருக்கிற மேல்துண்டு தங்கச்சிகளின் பாடப்புத்தகத்துக்குள் குட்டி போடப் போய்விடும். அடித்துண்டு நமக்கு. தக்கை ஆடி ஆடி நின்றால் கெண்டைக்குஞ்சு புழுவைக் கொறிக்கிறது. சரேலென்று பக்கவாட்டில் ஓடினால் சிலேபி. 1952-இல் அரசாங்கமே ஆப்பிரிக்க இனத்தை இந்தியாவுக்குள் கொண்டுவந்து விட்டது. இப்போது அது இல்லாத குளம் இல்லை. தக்கை நேராகக் கீழே போய்த் திரும்பி வராமல் இருந்தால் கெளுத்தி. ஒன்றுமே ஆகாமல், ஆனால் நம் முதுகில் மட்டும் ஏதோ கூசினால், காவல்காரர்.

5. இருமல்

பண்ணைக் காவல்காரர் அப்போதே கிழவர். நாங்கள் அய்யா என்போம். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் துண்டு, கையில் ஒரு கம்பு. அந்தக் கம்பு யார் மேலும் பட்டதாகப் பதிவு இல்லை (டீக்கடை பெஞ்சு, இடது முனை, வலது முனையில் ஒருவர் மட்டும் மறுக்கிறார், அவர் அடி வாங்கியது வேறு விஷயத்துக்கு).

அவர் வருவதற்கு முன்பாக அவருடைய இருமல் வரும். இதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த இருமலின் அமைப்பு, பொருள், நோக்கம் மூன்றிலும்தான் அறிஞர் உலகம் பிளந்து கிடக்கிறது.

அமைப்பு. முதல் இருமல் புளியமரத்தடியில். ஒற்றை, உலர்ந்தது, தொண்டையைச் சரிசெய்வதாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது கலிங்கில். இரட்டை, பின்னது நீளம். மூன்றாவது கரையேறும்போது. இதற்குக் கணக்கில்லை, இருமலும் செருமலும் காறலும் ஏதோ மாட்டை அதட்டுவதும் சேர்ந்து வரும். முதல் இருமலுக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு பயல் நரம்பைச் சுற்றி, மீன் கோத்த பனையீர்க்கை எடுத்து, சட்டையைத் தலையில் மாட்டி, வேலி இடைவெளியில் குனிந்து வெளியே போய்விடலாம். அவசரம் இல்லாமல் போகலாம். இந்தத் தூரத்தை நடக்க அவருக்கு ஏன் அத்தனை நேரம் ஆனது என்பதே ஆய்வின் மையப் புள்ளி.

பக்கத்திலேயே குடுமியான்மலை. அங்கே பாறையில் ஏழு பண்களுக்குச் சுரங்களை நான்கு நான்காகப் பிரித்து வெட்டிவைத்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதை வெட்டியது மகேந்திரவர்மனா இல்லையா என்று இன்னொரு சண்டை; இந்த வட்டாரத்தில் பெரிய பாறை எங்கிருந்தாலும் அறிஞர்கள் அந்தப் பல்லவனைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பார்த்துவிடுவார்கள். இருமலுக்கும் அப்படி ஒரு சுரக்குறிப்பு யாராவது எழுதிவைத்திருந்தால் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது. பெரியப்பா ஒருமுறை வாயால் செய்து காட்டினார் (பெரியப்பா, 'திண்ணை உரைகள்', இடக்கன்னத்தில் வெற்றிலை அடக்கிய நிலை, மூன்றாம் துப்பலுக்கும் நான்காவதுக்கும் இடையில், இப்பகுதி செல்லரித்திருக்கிறது). கலிங்கு இருமலின் இரண்டாம் பாதியை அவர் மேலேற்றினார். டீக்கடை மரபில் அது கீழிறங்கும். பாடபேதத்தை இன்றுவரை யாரும் தீர்க்கவில்லை.

பொருள், நோக்கம் பற்றி மூன்று பள்ளிகள்.

உடலியல் பள்ளி சொல்வது: பீடி. ஒரு நாளைக்கு இரண்டு கட்டுப் பிடிக்கிறவர் இருமாமல் என்ன செய்வார்? எளிமையான விளக்கம், அதனாலேயே சந்தேகத்துக்குரியது. சித்திரையில் அம்மன் கோயிலில் வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். இவர் முதல் வரிசையில் பாய் விரித்து விடிய விடிய உட்கார்ந்திருப்பார். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடக்கிறபோது, ஆய்வரங்கில் ஒருவர் கட்டுரைக்கு இன்னொருவர் கேள்வி கேட்பதைப் போல அது முடிவில்லாமல் நீளும்போதுகூட, ஒரு தடவை இருமியதில்லை (அப்பத்தா, 'அடுப்படித் திரட்டு', முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பில் "அந்த ஆளு தூங்கிருப்பாரு" என்று தாமே குறிப்பு எழுதியிருக்கிறார், ஆனால் தூக்கத்தில் இருமக் கூடாது என்று சட்டமில்லையே). பண்ணைக் குளத்துக்கு வெளியே அவர் தொண்டை சுத்தம். ஆகவே பீடி வாதம் நிற்காது.

பொருளியல் பள்ளி சொல்வது: பங்கு. ஓடுகிறபோது இரண்டு மீனை மடைக்கல் மேல் விட்டுவிட்டு ஓடுவது எங்களுக்குள் எழுதப்படாத வழக்கம். மறுநாள் பார்த்தால் கல் காலி. இதைப் பாசிப்பாட்டத்தின் நேரடித் தொடர்ச்சி என்று கொள்ளலாம். இருமல் என்பது ரசீது. மயக்குகிற கோட்பாடு. முனைவர் பட்டத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மடைக்கல்லைச் சுற்றிக் கீரிப்பிள்ளை இரண்டு திரிந்தன, கொக்கும் வரும். மீனைக் கீரி தின்றதா கிழவர் தின்றாரா என்பதற்கு முள் ஆதாரம் வேண்டும். ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் அதைத் தேடினோம். கிடைத்த முள், கீரி துப்பும் விதத்தில் இருந்ததாகப் பெரியப்பாவும் ('திண்ணை உரைகள்', பிற்சேர்க்கை), மனுசன் துப்பும் விதத்தில் இருந்ததாக டீக்கடையும் சொல்லிப் பேச்சு முறிந்தது. அதன்பின் பெரியப்பா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தி, எதிர்க்கடையில் புதிய ஆய்வு மையம் தொடங்கினார் (பார்க்க: எதிர்க்கடை பெஞ்சு, தொடக்க விழா மலர், வடைக்காகிதத்தில் அச்சானது, எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் பின்பக்கம் தெரியும்). இரு மையங்களும் ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டுவதில்லை. பல்கலைக்கழக வளர்ச்சி என்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மேலும், மீனே வைக்காமல் ஓடியவர்களுக்கும் அவர் அதே மூன்று இருமலைத்தான் இருமினார்.

நான் சட்டவியல் பள்ளியைச் சேர்ந்தவன். பெரிய வீடு அவருக்குச் சம்பளம் கொடுத்தது, மீன் பிடிக்கவிடாமல் தடுக்க. ஆகவே தடுக்க வேண்டும். அவர் குடியிருப்பது எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பிடிபட்ட பயலின் அப்பனை நாளைக்கு ரேஷன் கடையில் பார்க்க வேண்டும். ஆகவே பிடிக்கக் கூடாது. தடுக்கவும் வேண்டும், பிடிக்கவும் கூடாது என்றால் வேறு வழி என்ன இருக்கிறது? ஜாகீர், இனாம், குத்தகை என்று காகிதத்தில் எத்தனையோ தீர்வு வந்து போயிருக்கின்றன. உடையவனுக்கும் தின்கிறவனுக்கும் நடுவில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் நியாயம் செய்த ஏற்பாடு அந்த இருமல்தான்.

இதற்கு நேரடிச் சான்று உண்டு. ஒரு மத்தியானம் தக்கை கருவமரத்தில் சிக்கி, நரம்பு அறுந்து, நான் கரையில் குந்தித் தேடிக்கொண்டிருந்தேன். காற்று எதிர்ப்பக்கம். இருமல் மூன்றும் காதில் விழவில்லை. நிமிர்ந்தால் கம்பு, அதற்கு மேல் அய்யா.

"என்னப்பு, இங்க என்ன வேல?"

"மாட்டத் தேடி வந்தேன்யா."

"மாடு தண்ணிக்குள்ளயா மேயுது?"

நான் பேசவில்லை. அவர் திரும்பிப் புளியமரத்துப் பக்கம் பார்த்தார். பிறகு கம்பால் கருவமரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். தக்கை என் காலடியில் விழுந்தது.

"பெரிய வீட்டுக் காரு வருது. அங்கிட்டு ஓடு. இருமி இருமித் தொண்ட கிழிஞ்சு போச்சு, காது என்ன செவிடா ஒனக்கு?"

இதைவிடத் தெளிவான மூலபாடம் எந்தத் துறையிலும் கிடைத்ததில்லை. எனினும் உடலியல் பள்ளியினர் 'தொண்ட கிழிஞ்சு போச்சு' என்ற தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு, பீடிதான் என்று எழுதி வருகிறார்கள். மேற்கோளில் வேண்டிய பாதியை வெட்டி எடுப்பது ஆய்வு உலகத்துப் பழைய கைவேலை. அதில் நம்மூர்க்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர்.

இருமல் என்று ஒன்று இல்லவே இல்லை, கேட்பது மட்டுமே உண்டு என்று சொல்லும் பின்நவீனத்துவர் ஒருவரும் இருக்கிறார். அவரைக் குளத்துக்குக் கூட்டிப்போகவில்லை.

6. துண்டு: ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை

அறிவியல் ஆய்வு என்றால் சோதனை வேண்டும். அது தானாகவே நடந்தது.

பண்ணை கைமாறி, வேலி பிரிந்து, குளம் ஊர்ப் பொதுவுக்கு வந்த பிறகு ஒரு வைகாசியில் மீன்பிடித் திருவிழா வைத்தார்கள். புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கினால் ஊருக்கு ஊர் இது நடக்கும். பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். விடிவதற்குள் கரை நிறைய ஆள். கையில் ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, வேட்டி. பெரியவர் ஒருவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். துண்டு ஆடிய மறுகணம் மொத்தக் கரையும் தண்ணீருக்குள். மூங்கில் கூடை அடியில்லாமல் இருப்பது ஊத்தா. சேற்றில் பொத்தென்று அமுக்க வேண்டும். உள்ளே ஏதாவது முட்டினால் மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவி எடுக்க வேண்டும். விரால் என்றால் வழுக்கும், கெளுத்தி என்றால் குத்தும், தண்ணிப்பாம்பு என்றால் அடுத்தவர் ஊத்தாவும் கவிழும். பிடித்ததை யாரும் விற்பதில்லை. அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு.

அந்த வைகாசியில் துண்டு வீசி, குளம் சேறும் கூச்சலுமாகக் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற அய்யா கரைமேல் பனையடியில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று இருமினார். ஒற்றை, உலர்ந்தது. பிறகு இரட்டை.

எங்கள் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் கரைக்கு ஓடினோம். அதில் ஒருவர் பள்ளித் தலைமையாசிரியர், ஒருவர் கூட்டுறவு வங்கியில் செயலாளர், ஒருவர் கிராம நிர்வாக அலுவலர். அந்தக் குளத்தின் அ-பதிவேடே அவர் பீரோவில்தான் இருந்தது. பாதி தூரத்தில் ஊத்தாவைப் போட்டுவிட்டு வேலி இடைவெளியைத் தேடியவர் அவர். வேலியே இல்லை. வெளியூர்க்காரர்கள் அசையவில்லை, எங்கள் பிள்ளைகளும் அசையவில்லை. ஆக, இருமலின் பொருள் சட்டத்தில் இல்லை, உடைமையில் இல்லை, அதைக் கேட்டு வளர்ந்த காலில் இருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது.

ஆனால் அன்று அவர் எங்களை ஓட்டுவதற்காக இருமவில்லை. உண்மையாகவே இருமினார், பீடியால். உடலியல் பள்ளி இதைத் தன் வெற்றியாக அறிவித்து டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது. எதிர்க்கடை அன்று விடுமுறை விட்டது.

7. எழுத்துச் சான்று

கரையேறிய வெட்கத்துக்கு ஈடாகக் கிராம நிர்வாக அலுவலர் தாம் பிடித்த விராலை அய்யாவிடம் கொடுக்கப் போனார். இது பாசிப்பாட்டமா, அன்பளிப்பா, லஞ்சமா என்பதில் பொருளியல் பள்ளிக்கும் சட்டவியல் பள்ளிக்கும் அந்த இடத்திலேயே வாக்குவாதம் வர, அய்யா, "எனக்கு எவன்டா ஆய்ஞ்சு குடுப்பான்?" என்று அதை வாங்க மறுத்துவிட்டார்.

மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பத்தா அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்து, கொல்லைப்புறக் கல்லில் முன்னும் பின்னும் உரசி, வழுவழுப்புப் போனதும் தலையைத் தனியே எடுத்துவைத்தார். புளி தூக்கலாக, பூண்டு முழுசு முழுசாக, மாங்காய் இரண்டு கீற்றுப் போட்டுக் குழம்பு. விரால் குழம்புக்குத்தான், வறுவலுக்கில்லை என்பது அவர் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. நடுத்துண்டு இரண்டும் தலையும் எடுத்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி அய்யா வீட்டுக்கு என்னிடமே கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் அப்பத்தாவின் பெயரும், அது கல்யாணச் சீராக வந்த தேதியும் பாத்திரக்கடைக்காரர் கையால் வெட்டியிருக்கிறது. இந்த ஆய்வுக்கு இருக்கும் ஒரே பொறிப்புச் சான்று அதுதான். இன்னும் அவர்கள் வீட்டிலிருந்து திரும்பி வரவில்லை. மைப்படி எடுக்க வேண்டும் என்று போய்க் கேட்டால், அய்யாவின் பேரன் வாசலிலேயே நின்று இருமுகிறான்.